வீடு என்று தேடினோம், வேட்டி வந்தது

வீடற்றவர்களிடம் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த பேட்டிகளுக்குள் தேடித்தருவதுதான் எங்கள் காலேஜ் ப்ராஜெக்ட். முதல் ரெவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னால் அந்த நிறுவன அலுவலகத்தில் டெமோ காட்டினோம். களப்பணி பார்க்கும் அக்கா தேடல் பெட்டியில் 'வீடற்றோர்' என்று அடித்தார். பூஜ்யம். நூற்றுச் சொச்சம் பேட்டிகள், எல்லாமே தெருவில் படுக்கிறவர்களுடையவை, ஒன்றுகூட வரவில்லை. எங்களில் ஒருவன் பதறிப்போய் 'வீடு' என்று மாற்றி அடித்தான். ஒரு பெரியவர் தன்னிடம் இருந்த ஒரே வேட்டி களவு போனதைச் சொன்ன பேட்டி முதலில் வந்து நின்றது. அக்கா சிரித்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரியில் கடைசி வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ், நாலு பேர் டீம். இந்த வருஷம் இதே மாதிரி ப்ராஜெக்ட் எடுக்கப்போகிற ஜூனியர்கள் கேட்டதால் எழுதுகிறேன். எந்த மொழியில் கோட் எழுதினோம், ஸ்கிரீன் எப்படி இருந்தது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் வேட்டிக் கதை. நாங்கள் எடுத்தது எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ், அதில் முழு உரைத் தேடலுக்கு இருக்கும் எஃப்டிஎஸ்5 என்ற பகுதி. உரையைச் சொல் சொல்லாக வெட்டுகிற அதன் வழக்கமான சொல்பிரிப்பான் எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் கால், கொம்பு, புள்ளி எல்லாம், கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில், குறிகள் என்ற தனி வகை. அதனால் அவற்றை இடைவெளி மாதிரி பாவித்து அங்கேயே வெட்டிவிடும். 'வீடு' என்பது வ, ட என்று இரண்டு துண்டாகும். 'வேட்டி' வ, ட, ட. வ-வும் ட-வும் அடுத்தடுத்து இருக்கிறதா, இருக்கிறது, எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டது. அட்டவணை உருவாக்கும்போது குறி வகைகளையும் சேர்க்கச் சொல்லி ஒரே ஒரு வரி கொடுத்தால் சரியாகிவிடும். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று தனித்தனியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. எல்லா உரையையும் உள்ளே போடும்போதே, இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி முறையில் ஒழுங்குபடுத்துங்கள். தேடுபவர் அடிக்கிற சொல்லுக்கும் அதையே செய்யுங்கள். ஆனால் கால் போட வேண்டிய இடத்தில் 'ர' அடித்து வைத்திருக்கும் பழைய கோப்புகளுக்கு எந்த முறையும் உதவாது. உட்கார்ந்து கையால் திருத்தினோம்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் 'வீடற்றோர்' என்றால் பூஜ்யம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால், யார் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வார்? "ரோட்டுல படுத்துக்குறேன்", "கோயிலாண்ட இருக்கேன்", "பஸ் ஸ்டாண்டுதான் வூடு" என்றுதான் சொன்னார்கள். வீடு என்கிற சொல்லே கடலூர்ப் பக்கம் பாதி ஆடியோவில் 'வூடு'. அதோடு உருபு சேர்ந்தால் 'வூட்டுல', 'வூட்டாண்ட'. வடலூர் என்று பேர் சொல்லாமல் 'அய்யா கோயில்ல சாப்டுப்பேன்' என்றார் ஒருவர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் இன்றும் தினமும் சோறு போடுவது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், தேடல் பெட்டிக்குத் தெரியாது. சாப்பாடு, சோறு, அன்னதானம், பொட்டலம் நான்கையும் ஒரே கூட்டாக இணைத்து ஒரு சொற்பட்டியல் போட்டோம். அந்தப் பட்டியலை எங்களால் தனியாகப் போட்டிருக்கவே முடியாது. அக்காவும், முன்பு தெருவில் இருந்து இப்போது அந்த நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் ஒரு அண்ணனும் இரண்டு சனிக்கிழமை எங்களோடு உட்கார்ந்தார்கள். ப்ராஜெக்டில் உருப்படியான பகுதி எது என்று கேட்டால் அந்த இரண்டு சனிக்கிழமைகளைத்தான் சொல்வேன்.

தொண்டு நிறுவனத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு கேள்விக்குப் பதில்: காப்பகத்தில் இடம் இருந்தும் தெருவில் இருப்பவர்கள் ஏன் வர மறுக்கிறார்கள்? 2024-ல் முடிந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின் விதிப்படி 1 லட்சம் மக்கள்தொகைக்குக் குறைந்தது 100 பேர் தங்கக் காப்பக வசதி, ஆளுக்கு 50 சதுர அடி என்று இருந்தது. கட்டடக் கணக்கு அதோடு முடிந்தது. பேட்டியில் வருவது வேறு. "பொண்டாட்டிய தனியா அனுப்பணுமாம்", "என் நாய உட மாட்றாங்க", "வண்டிய எங்க நிறுத்துறது". மறுப்பு என்ற சொல் எங்கேயும் கிடையாது. எனவே தேடலை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பத்தியையும் படித்துக் காரணக் குறிச்சொல் போட்டோம். இரண்டு பேர் ஒரே பத்துப் பேட்டிக்குத் தனித்தனியாகக் குறி போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் ஒப்பிட்டபோது பாதிக்குப் பாதி சண்டை. 'பயம்' என்ற குறியை ஆளுக்கு ஒரு அர்த்தத்தில் போட்டிருந்தோம். விளக்கக் குறிப்பு எழுதிவிட்டு முதலிலிருந்து போட்டோம்.

ஆடியோவை எழுத்தாக்க விஸ்பர் மாடலை எங்கள் லேப்டாப்பிலேயே ஓட்டினோம். இணையச் சேவை எதிலும் ஏற்றவில்லை, நீங்களும் ஏற்றாதீர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டு ஹார்ன் சத்தத்தில் அது திணறியது பரவாயில்லை. ஆள் பேசாமல் மௌனமாக இருந்த இடத்தில் பேசாத வாக்கியத்தை எழுதி வைத்ததுதான் ஆபத்து. மகனைப் பற்றிக் கேட்டதும் ஒரு அம்மா வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் மெஷின் ஏதோ நன்றி வணக்கம் எழுதியிருந்தது. ஒவ்வொன்றையும் காதில் கேட்டு ஒத்துப் பார்க்காமல் உள்ளே போடவே கூடாது. இதற்கு உங்கள் கால அட்டவணையில் ஒரு மாதம் ஒதுக்குங்கள். நாங்கள் பத்து நாள் ஒதுக்கி மாட்டிக்கொண்டோம்.

சம்மதம் வாங்குவதில் கையெழுத்து, ரேகை என்றாலே நிறையப் பேர் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நிறுவனத்தார் வாய்மொழியாகக் கேட்டு ஆடியோவிலேயே பதிவு செய்தார்கள். பதிவு செய்யலாமா, வைத்துக்கொள்ளலாமா, அடுத்தவருக்குக் காட்டலாமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டது நல்ல வழக்கம். மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை வைத்தோம். பெயருக்குப் பதில் எண் போட்டால் போதும் என்று முதலில் நினைத்தது எங்கள் அறியாமை. புதுச்சேரி மணிக்கூண்டுக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு கால் இல்லாதவர் என்றால், பெரிய மார்க்கெட் பக்கம் போகிற யாரும் பெயர் சொல்லிவிடுவார்கள். இடத்தை வார்டு அளவில் மங்கலாக்கி, நேரத்தை எடுத்துவிட்டோம்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் அல்காரிதம் பக்கமே போகவில்லை. "ஒருத்தர் வந்து என் பேட்டியை எடுத்துடுங்கன்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். டெலீட் பட்டன் இருக்கிறது சார் என்றேன். செய்து காட்டச் சொன்னார். அழித்தேன். அந்தப் பேட்டியில் இருந்த ஒரு சொல்லைத் தேடச் சொன்னார். உரை காலி, ஆனால் பேட்டி எண் மட்டும் பட்டியலில் வந்து உட்கார்ந்தது. மூல அட்டவணையிலிருந்து நீக்கினால் தேடல் அட்டவணையிலிருந்தும் நீக்க ட்ரிக்கர், அதாவது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் கட்டளை, எழுதியிருக்க வேண்டும், நாங்கள் எழுதவில்லை. அந்த மனிதர் 'சாராயம்' என்ற சொல்லைப் பேசினார் என்பது அழித்த பிறகும் தெரிந்தது.

"இது போக வேற எங்கெல்லாம் காப்பி இருக்கு?" என்றார். நாலு பேரும் விரல் விட்டு எண்ணினோம். நான்கு லேப்டாப், ரெக்கார்டரின் மெமரி கார்டு, அலுவலகக் கணினி, எங்கள் கைடு பேராசிரியருக்குக் கொடுத்த பென்டிரைவ். அன்றைக்குச் சாயங்காலமே ட்ரிக்கரை எழுதிவிட்டோம். பென்டிரைவைத் திரும்ப வாங்க இன்னும் இரண்டு வாரம் ஆனது.