நஷ்டம் தரும் வாடிக்கையாளர்

கணக்குப் பிரிவில் உட்கார்ந்து பார்த்தால் லாப நிறுவனத்துக்கும், நான் இப்போது வேலை பார்ப்பதைப் போல சமூக நோக்கத்துக்காகத் தொழில் நடத்தும் சமூக நிறுவனத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வங்கிக் கடன், தணிக்கை, மாதக் கடைசிப் பரபரப்பு எல்லாம் இரண்டிலும் உண்டு. "உங்களுக்கென்ன, லாபக் கவலையே இல்லையே" என்று பழைய சகாக்கள் சொல்வார்கள். நன்கொடையில் ஓடும் தொண்டு அமைப்பாக எங்களை நினைத்துக்கொள்கிறார்கள். நாங்களும் விற்றுத்தான் சம்பளம் போடுகிறோம்.

வித்தியாசம் மாதாந்திரக் கூட்டத்தில் தெரியும். முன்பு வேலை பார்த்த இடத்தில், செலவுக்குக் கட்டுப்படியாகாத வாடிக்கையாளர்கள் பட்டியலின் அடியில் இருப்பார்கள். குறைந்தபட்ச ஆர்டர் அளவை உயர்த்தினால் போதும், தானாகவே விலகிவிடுவார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, கணக்கு அப்படி. இங்கே நிறுவனம் தொடங்கியதே அந்தக் கடைசி வரிகளில் இருப்பவர்களுக்காக. அதனால் அவர்களை வெட்ட முடியாது, செலவைத்தான் வெட்ட வேண்டும்.

1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதைத்தான் செய்தது. பணம் கட்டக்கூடியவர்கள் கட்டினார்கள், முடியாதவர்களுக்கு இலவச சிகிச்சை. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் இறக்குமதி விலையில் எட்டாமல் இருந்தது. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, அதைத் தாங்களே குறைந்த விலையில் தயாரித்தார்கள்.

சரி, மிஞ்சும் பணம் யாருக்கு? வங்கதேசத்தில் கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் சொல்லும் சமூக வணிகத்தில் முதலீட்டாளருக்குப் போட்ட பணம் மட்டும் திரும்பக் கிடைக்கும், ஈவுத்தொகை கிடையாது. பிரிட்டனில் 2005 முதல் இருக்கும் சமூக நல நிறுவன வடிவத்தில் சட்டமே சொத்துக்குப் பூட்டுப் போடுகிறது. நிறுவனத்தை மூடினாலும் மிச்சச் சொத்தை உரிமையாளர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. இப்படி ஒரு பூட்டு இல்லாவிட்டால் சுவரில் மாட்டிய லட்சிய வாசகத்தை நான் நம்பமாட்டேன்.

குறைகளும் உண்டு. சம்பளம் குறைவு. "சேவைதானே" என்று சொல்லியே ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குவார்கள். எத்தனை விற்றோம் என்று எண்ணிவிடலாம், வாங்கியவரின் வாழ்க்கை மாறியதா என்று எண்ணுவது அத்தனை எளிதல்ல.

அண்மையில் நல்ல விலைக்குப் பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. ஒப்புக்கொண்டால் அந்த மாத உற்பத்தி முழுதும் அதற்கே போய்விடும், பட்டியலின் கடைசி வரிகளில் இருப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். விற்பனைப் பிரிவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை; அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, அந்தப் பணம் வந்திருந்தால் இரண்டு மாதக் கடன் தவணை அடைந்திருக்கும்.