ரெட்டேரி ஆகாயத்தாமரையும் மொட்டைமாடி வண்டுகளும்

சென்னையில் கொளத்தூர், மாதவரம் பக்கம் இருப்பவர்களுக்கு ரெட்டேரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரம் வந்து ஆகாயத்தாமரையை (வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள்) வாரிக் கரையில் கொட்டும், சில மாதத்தில் பழையபடி மூடிக்கொள்ளும். சாக்கடை கலக்கும் தண்ணீரில் அதற்கு உரத்துக்குக் குறைவே இல்லை, நல்ல வெயிலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும்.

அதனால்தான் நாங்கள் சில பேர், இந்தச் செடியைத் தின்னும் வண்டை மொட்டைமாடியில் வளர்த்து ஏரியில் விடுகிறோம். நியோகெட்டினா என்கிற கூன்வண்டு, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. செடியைப் போலவே இதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவந்து, பெங்களூரில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஏரிகளில் விட்டார்கள். பக்கத்து மாடியில் தோட்டம் வைத்திருக்கும் அக்கா, "ஏன் தம்பி, நாளைக்கு என் கீரையைத் தின்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வண்டு தலைமுறை தலைமுறையாகப் பெருகுவதற்கு ஆகாயத்தாமரைதான் வேண்டும். கீரையிலோ நெல்லிலோ அது பிழைக்காது.

வேலை எளிது. பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், கொஞ்சம் சாணிக் கரைசல், ஏரியிலிருந்தே எடுத்த செடி, மேலே இறுக்கமாகக் கொசுவலை (நம்ம ஊரில் டெங்கு பயம் இருக்கிறதே, அதற்கும் இந்த வலை வேண்டும்). பெரிய வண்டு ராத்திரியில் இலையைச் சுரண்டித் தின்னும், சின்னச் சின்னத் தழும்பு விழும், அதைப் பார்த்துத்தான் வண்டு இருக்கிறதா என்று கண்டுபிடிப்போம். உண்மையான சேதம் வண்டின் புழுவால்தான். அது இலைக்காம்புக்குள் துளைத்துக்கொண்டே கீழே போகும், காம்பு அழுகும், கடைசியில் வேரில் கூடு கட்டி வண்டாக வெளியே வரும். ஒரு தலைமுறைக்குச் சுமார் மூன்று மாதம். கூடு வேரில் இருப்பதால் வண்டை மட்டும் பொறுக்கி விடாமல் செடியோடு சேர்த்தே ஏரியில் இறக்குகிறோம்.

இதெல்லாம் பொதுமக்களால் ஆகிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: விக்டோரியா ஏரிக்கரை மீனவர்கள் இதே வண்டைத் தொட்டிகளில் வளர்த்து ஏரியில் விட்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் பள்ளிப் பிள்ளைகள்கூட, ஐரோப்பாவிலிருந்து வந்து சதுப்பு நிலங்களை மூடிய ஊதாப்பூச் செடிக்கு எதிராக, அந்தச் செடியைத் தின்னும் வேறொரு வண்டை வலை மூடிய தொட்டியில் பத்து விட்டு நூற்றுக்கணக்கில் எடுக்கிறார்கள்.

ஆனால் வண்டு விட்ட மறுமாதமே ஏரி தெளிந்துவிடாது. வருடக்கணக்கில் ஆகும். சாக்கடை வரத்து நிற்காவிட்டால், வண்டு தின்பதைவிட வேகமாகச் செடி வளரும். இன்னொரு சிக்கல், எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இதுதான்: மொத்தச் செடியையும் வாரும்போது வண்டும் சேர்ந்து போய்விடுகிறது. விதையோ சேற்றுக்குள் பதினைந்து இருபது வருடம்கூட உயிரோடு கிடக்கும். அது மறுபடி முளைக்கும்போது தின்ன ஒரு வண்டுகூட மிச்சம் இருக்காது.

வாரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கரையோரம் ஒரு மூலையை மட்டும், செடி மிதந்து போகாமல் கயிறு கட்டி, வண்டுக்காக விட்டுவைக்கச் சொல்லுகிறோம். அடுத்த முறை சுத்தம் செய்ய வரும்போது நேரில் போய்ப் பேசப் போகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வாருங்கள், நாலு பேர் கூட நின்றால்தான் காது கொடுப்பார்கள்.