சலம் அடைத்த கடுவன் பூனைக்குச் சாப்பாடு மாற்றும் முறை

கடுவன் மண்ணைக் கிளறிக் கிளறிக் குந்துகிறது, முனகுகிறது, மண்ணோ நனையவில்லை என்றால் அது சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிற நேரமல்ல. கடுவனின் சலக்குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியது. மணல் மாதிரிப் பளிங்குகள் அங்கே இறுகினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மலச்சிக்கல் என்று எண்ணெய் பருக்கவும் வேண்டாம், நோவுக்குப் பனடோல் கொடுக்கவும் வேண்டாம். பனடோல் பூனைக்கு நஞ்சு.

அடைப்பு எடுத்து வீட்டுக்கு வந்த பிறகு, அந்தப் பளிங்குகள் எந்தக் கல்லைச் சேர்ந்தவை என்று தெரியாமல் சாப்பாட்டில் கைவைக்கக் கூடாது. ஸ்ட்ருவைற் கல் மக்னீசியமும் அமோனியமும் பொஸ்பேற்றும் சேர்ந்தது. சலம் காரமானால் படியும், அதற்கென்ற உணவால் சில கிழமைகளில் கரையும். கல்சியம் ஒட்சலேற் எந்த உணவுக்கும் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். 1980களில் பூனைகளில் கண்டது பெரும்பாலும் ஸ்ட்ருவைற். உணவுக் கம்பனிகள் மக்னீசியத்தைக் குறைத்து, சலத்தை அமிலமாக்கத் தொடங்கியதும் அது குறைந்து ஒட்சலேற் கூடியது. ஆகவே விற்றமின் சி, தேசிக்காய் என்று புளிப்பேற்றாதீர்கள். மனிதருக்குச் சல எரிவுக்குக் கொடுக்கிற சிற்றேற் பாணி நேர்மாறாகக் காரமாக்கும். ஸ்ட்ருவைற் உள்ள பூனைக்கு அது கேடு.

எங்கள் பக்கத்தில் அதிகம் பிழையாகிப்போவது சலப் பரிசோதனை. முல்லைத்தீவிலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்து வவுனியாவுக்குக் கொண்டுபோனால், பூனையின் சலப்பையில் இல்லாத பளிங்குகூடக் குளிரில் போத்தலுக்குள் விளைந்துவிடும். வெயிலில் கிடந்தாலோ காரம் ஏறும். எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள் பார்க்கக்கூடிய இடம் இருந்தால் மட்டும் பளிங்கு முடிவை நம்புங்கள். இல்லாவிட்டால் பூனையையே கொண்டுபோவது நல்லது. வீட்டில் பிஎச், அதாவது சலம் அமிலமா காரமா என்ற அளவு, பார்க்கலாம்: தட்டில் மண்ணுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த மீன்தொட்டிக் கற்களைப் பரப்பி, தேங்குவதை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி உடனே சலம் பார்க்கும் பரிசோதனைத் தாளில் விடுங்கள். சாப்பிட்டபின் காரம் ஏறுவதால் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே பாருங்கள். 6.2 முதல் 6.4 வரை நல்லது. அதே தாளில் அடர்த்தி காட்டும் கட்டம் பூனைக்குப் பொருந்தாது.

இரண்டு கல்லுக்கும் பொது மருந்து தண்ணீர். 4 கிலோ பூனைக்குச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் போகவேண்டும். உலர் உணவு 60 கிராமில் இருப்பது 6 மில்லிலீற்றர்தான். மிச்சத்தைப் பூனை நக்கிக் குடித்துத் தீர்க்காது. ஒரு பங்கு உலர் உணவுக்கு இரண்டு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு, பதினைந்து நிமிடம் ஊறவிட்டுக் கொடுங்கள். முதல் நாளே அவ்வளவு ஊற்றினால் மணந்துவிட்டுப் போய்விடும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கிப் பத்து நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். கொழுத்த பூனையைப் பட்டினி போட்டுப் பழக்கவே கூடாது, ஈரல் பழுதாகும். ஊறியது இந்தச் சூட்டில் ஒரு மணித்தியாலம் தாங்காது, எறும்பும் மொய்க்கும். தண்ணீர் ஊற்றிய சட்டிக்குள் கோப்பையை வைத்தால் எறும்பு ஏறாது.

கேத்தில் அடியில் வெள்ளை படிகிற கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தத் தண்ணீரில் போகும் கனிமம் சாப்பாட்டில் போவதைவிட மிகக் குறைவு. வடிகட்டிச் சுத்திகரித்த ஆர்ஓ தண்ணீரை விரும்பிக் கூடக் குடித்தால் அதையே வையுங்கள்.

நிறுத்த வேண்டியது கருவாடு. நெத்தலியைத் தலையோடும் முள்ளோடும் கொடுக்கும்போது பொஸ்பரசும் மக்னீசியமும் உப்பும் ஒன்றாகப் போகின்றன. முள் நீக்கிய திலாப்பியாவை உப்பில்லாமல் அவித்து, அவித்த தண்ணீரோடு கொடுக்கலாம். அதுவும் இடைக்கிடைதான், மீன் மட்டும் தின்றால் கல்சியம் போதாது.

ஸ்ட்ருவைற்றைக் கரைக்கும் ஹில்ஸ், ரோயல் கனின் கம்பனிகளின் யூரினரி (சலநோய்) உணவு தொடங்கினால் வேறெதுவும் வாயில் படக் கூடாது. பக்கத்து வீட்டுக் கருவாட்டுத் துண்டே கணக்கைக் குழப்பும், அவர்களிடமும் சொல்லிவையுங்கள். ஒரு மாதத்துக்குள் எக்ஸ்ரேயில் கல் சிறுக்காவிட்டால் அது ஸ்ட்ருவைற் அல்ல என்று சந்தேகப்பட்டு, அடுத்த உணவுப் பை வாங்கும் முன் வைத்தியரிடம் மறுபடி காட்டுங்கள்.