வயிற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எங்கள் ஜெர்சி கலப்பின மாட்டுக்குப் பால் வற்ற வைத்து பத்து நாள் ஆகிறது. பார்ப்பவர்கள் எல்லாரும் "மாடு நல்லா தேறியிருக்கு" என்கிறார்கள், ஆனால் அவர்கள் பார்ப்பது சினை வயிற்றை. வயிறு எப்போதும் பொய் சொல்லும், பின்பக்கம்தான் உண்மை.

மாட்டின் உடம்புக் கொழுப்பைப் பார்த்து 1 (எலும்பும் தோலும்) முதல் 5 (மிகக் கொழுப்பு) வரை மதிப்பெண் போடுவார்கள். அதற்கு நான் செய்வது இதுதான். மாடு சமதரையில் நிற்கும்போது பக்கவாட்டிலிருந்து இடுப்பெலும்பு முனைக்கும் வாலருகே துருத்தும் பின்முனைக்கும் நடுவே ஓடும் கோட்டைப் பார்ப்பேன். அது ஆங்கில வி மாதிரி கூர்மையாக இறங்கினால் 3 அல்லது அதற்குக் கீழே, யு மாதிரி வளைந்திருந்தால் 3-க்கு மேல். அப்புறம் கையை வைத்து அழுத்த வேண்டும், குளிர்கால ரோமம் கண்ணை மறைத்துவிடும். வால் அடியில் இருபுறமும் குழி இல்லாமல் கொழுப்பு மெத்தையாக அமுங்கினால் 4-ஐ நெருங்குகிறது என்று அர்த்தம்.

இந்த மதிப்பெண் 3 முதல் 3.5-க்குள் இருந்தால் எனக்கு நிம்மதி. போன ஈற்றில் தவிட்டையும் புண்ணாக்கையும் அள்ளிக் கொட்டி 4-க்கு மேல் ஏற்றிவிட்டேன், கன்று போட்டதும் தீவனத்தையே முகர்ந்து பார்க்காமல் நின்றது, கீட்டோசிஸ் (உடம்புக் கொழுப்பு அளவுக்கு மீறிக் கரைந்து ரத்தத்தில் கீட்டோன் சேரும் நோய்) என்றார் டாக்டர். அதற்காக வற்றுக்காலத்தில் பட்டினி போட்டு இளைக்க வைக்கவும் கூடாது, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துவிடும். உடம்பைச் சரிசெய்ய வேண்டியது கறவையின் கடைசி மாதங்களில்தான். இந்த முறை 3.25, அடுத்த வாரம் மறுபடி தொட்டுப் பார்க்கணும்.