முக்கால் மீற்றரில் தரை தெரிந்தது

மாமாவின் வள்ளத்தில் நான் செய்து பூட்டிய ஆழமானி (ஒலியை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு ஆழம் சொல்லும் கருவி) நேற்று யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தடியில் முக்கால் மீற்றர் தண்ணீரிலும் தரையைக் காட்டிவிட்டது. மூன்று கிழமை இழுபட்ட வேலை, அப்படியொரு சந்தோசம்.

200 கிலோஹேர்ட்ஸ், ஒரே பீசோ வட்டு (மின்சாரம் கொடுத்தால் அதிரும், அதிர்ந்தால் மின்சாரம் தரும்). அதுவே அனுப்பும், அதுவே கேட்கும். துடிப்பு றேடாரில் ஒரே அன்ரெனா செய்கிற வேலைதான், இங்கே ஒலி. 1936இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் றொபேட் பேஜும் லியோ யங்கும் டூப்ளெக்சர் (ஒரே அன்ரெனாவை அனுப்பவும் கேட்கவும் விடும் சுற்று) செய்தது இதற்காகத்தான்: துடிப்பு போகும்போது றிசீவர் எரியக்கூடாது, போன கையோடு அது கேட்கவும் வேண்டும். பிறகு வந்த றேடார்களில் வாயுக்குழாய் பொறி தட்டி றிசீவரின் வழியை அடைத்தது. எனக்கு அந்த வேலையைச் செய்வது எதிரெதிராகப் போட்ட இரண்டு 1என்4148 டயோட்; பெரிய வோல்ற்றை வெட்டும், சின்ன எதிரொலியை விட்டுவிடும்.

டயோட்டில் பிழை இல்லை. 300 வோல்ற் துடிப்புக்கும் றிசீவர் வாசலில் 0.7 வோல்ற்தான். ஆனாலும் துடிப்புப் போன பிறகு முதல் 1.9 மில்லிசெக்கன் றிசீவர் செவிடு. தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1500 மீற்றர். போய்த் திரும்பும் கணக்கில் 1.4 மீற்றர் குருடு, அதற்குள் தரை இருந்தால் தெரியாது. (றேடாரில் ஒரு மைக்ரோசெக்கன் பிந்தினாலே 150 மீற்றர்.) இடுப்பளவு களப்பில் அதை வைத்து என்ன செய்வது?

டயோட்டை மூன்று தரம் மாற்றினேன். குற்றவாளி அடுத்திருந்த 0.1 மைக்ரோபரட் கப்பாசிற்றர். அந்த 0.7 வோல்ற்றிலும் றிசீவர் திரான்சிஸ்ரரின் பேஸ் (சைகை நுழையும் கால்) நேர் அரைச்சுற்றில் மட்டும் கடத்துகிறது; கப்பாசிற்றர் ஒருபக்கமாக ஏறி, பேஸை மறைப்பக்கம் இழுத்து, திரான்சிஸ்ரரைப் பூட்டிவிடுகிறது. 10 கிலோஓம் வழியாக அது இறங்க மில்லிசெக்கன் கணக்கில் ஆகும். ஓசிலோஸ்கோப்பில் பேஸைப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். 1 நானோபரட் போட்டேன், சரி, உடனே விழித்துக்கொண்டது! வட்டின் அதிர்வு கெதியாக அடங்க அதற்குக் குறுக்கே ஒரு தடையும் வைத்தேன். இப்போது குருடு 45 சென்ரிமீற்றர். மிச்சம் வட்டின் சொந்த அதிர்வு.

வட்டு வாங்குவோர் கவனம்: கொழும்பிலிருந்து பார்சலில் வந்த மூன்றில் ஒன்றின் வெள்ளிப்பூச்சு உரிந்திருந்தது. விற்றவர்கள் மாற்றித் தரவில்லை. ஒன்று கூடவே எடுங்கள்.

அடுத்து என் 7 மெகாஹேர்ட்ஸ் றேடியோ செற்றுக்கு 1என்4007ஐ வைத்து அனுப்பு-வாங்கு சுவிட்ச். மலிவான பவர் டயோட்தான், உள்ளே PIN டயோட்டின் (றேடியோ அலைக்குச் சுவிட்சாகப் போடும் வகை) அமைப்பு என்பதால் றேடியோ அலைக்கும் சுவிட்சாக நிற்கும். அந்தச் சுவிட்சுக்கு வேண்டிய கால் அலைநீளச் சுருளும் சுற்றத் தொடங்கிவிட்டேன். ஆழமானியின் பெட்டிக்கு இன்னும் எபொக்சி ஊற்றவில்லை. நேற்று பொலித்தீன் பையில் கட்டித்தான் கொண்டுபோனேன்.