பத்து வருடம் என் மருத்துவப் பதிவில் ஒட்டியிருந்த ஆஸ்துமா

2015 சிங்கப்பூர்ப் புகைமூட்டத்தின்போது மூன்று வாரம் விடாத இருமல். பக்கத்துக் கிளினிக்கில் வீசிங் இருக்கிறது என்று நீல இன்ஹேலர் கொடுத்தார்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. இருமல் போய்விட்டது, ‘ஆஸ்துமா’ மட்டும் பதிவில் தங்கிவிட்டது. கிளினிக் மாறியபோதும் கூடவே வந்தது. சென்ற ஆண்டு காப்புறுதிக்கு விண்ணப்பித்தேன். சுவாச நோய்களுக்கு இழப்பீடு கிடையாது என்று கடிதம் வந்தது.

அரை நாள் லீவு போட்டுப் பழைய கிளினிக்குக்குப் போனேன். “டாக்டர் எழுதியதை அழிக்க முடியாது சார்” என்றதோடு சரி. வேறு வழி உண்டா என்று சொல்ல ஆளில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். அப்புறம்தான் தெரிந்தது: தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமையைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தருகிறது, ஆனால் மருத்துவரின் தொழில்முறைக் கருத்தை மாற்றும்படி கட்டாயப்படுத்துவதில்லை. சண்டை போட்டுப் பயனில்லை, பரிசோதனை முடிவுதான் பேசும்.

இப்போதைய டாக்டர் ஸ்பைரோமெட்ரிக்கு, அதாவது குழாயில் ஊதி நுரையீரலின் திறனை அளக்கும் பரிசோதனைக்கு, எழுதிக் கொடுத்தார். அன்று காலை லேசாக இருமல் வர, பழக்கத்தில் நீல இன்ஹேலரில் இரண்டு பஃப் எடுத்துவிட்டேன். பரிசோதனையை ரத்து செய்துவிட்டார்கள்! அந்த இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால் மருந்தை எடுத்து 4 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டுமாம். முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. அடுத்த தேதிக்கு ஐந்து வாரம் காத்திருந்தேன். எந்த மருந்தை எத்தனை மணி நேரம் முன்பு நிறுத்துவது என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். தினசரி இன்ஹேலர் எடுப்பவர்கள் தாங்களாக எதையும் நிறுத்தவே கூடாது.

இரண்டாம் முறை முடிவு நார்மல். துள்ளிக் குதித்த என்னை டாக்டர் உட்கார வைத்தார். ஆஸ்துமா வந்து வந்து போகும், ஒரு நாள் நார்மலாக இருந்தால் போதாது என்றார். இரண்டு வாரம் காலையும் மாலையும் மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று காட்டும் பீக் ஃபுளோ மீட்டரில் ஊதி, அளவை எழுதினேன். பிறகு மெத்தகோலின் பரிசோதனை: அந்த மருந்தை உள்ளிழுத்தால் மூச்சுக்குழாய் எளிதில் சுருங்குகிறதா என்று பார்ப்பது. இரண்டிலும் ஆஸ்துமாவுக்கான அடையாளம் இல்லை.

டாக்டர் திரையை என் பக்கம் திருப்பி, தேதிகளோடு, ‘பரிசோதனைகளில் ஆஸ்துமா உறுதியாகவில்லை’ என்று சேர்த்தார். பழைய வரியை அழிக்கவில்லை. நாளை வேறொரு டாக்டர் பார்த்தால் என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய வேண்டுமே, அதுதான் சரி.

அதையே கடிதமாக வாங்கிப் பழைய கிளினிக்கில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினேன். ஒரு வாரத்தில் பதிவில் சேர்த்துவிட்டதாகப் போன் வந்தது. காப்புறுதி நிறுவனமும் மறுபரிசீலனைக்குக் கடிதத்தைக் கேட்டிருக்கிறது. நேற்று அனுப்பிவிட்டேன்.