எங்கே வேலை பார்த்தீர்கள்?

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்று வந்தவருக்கு 67 வயது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒன்றரை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். வயதானால் இப்படித்தான் என்று ஒருவர் அனுப்பிவிட்டிருக்கிறார். இருமல் உண்டு, வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை.

விரல்களைப் பார்த்தேன். நுனி பருத்து நகம் வளைந்திருந்தது. முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஆழமாக மூச்சை இழுக்கச் சொன்னேன். மூச்சு உள்ளே போய் முடிகிற இடத்தில் சரசரவென்று ஒரு சத்தம். வெல்குரோ பட்டையை மெதுவாகப் பிரித்தால் வருமே, அதே சத்தம். இருமச் சொல்லிவிட்டு மறுபடி கேட்டேன். சளியாக இருந்தால் மாறியிருக்கும், இது மாறவில்லை.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

"ரிட்டயர்டு, டாக்டரம்மா."

"அதுக்கு முன்னாடி?"

"கம்பெனியில."

"கம்பெனியில என்ன வேலை?"

"பாய்லர் பக்கம். பைப்புக்கு லேகிங் போடுறது."

இத்தனை கேட்ட பிறகுதான் அந்தச் சொல் வந்தது. அவர் கையில் இருந்த பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் புரட்டினேன். தொழில் என்ற இடத்தில் எல்லோரும் 'ஓய்வு பெற்றவர்' என்றே எழுதியிருக்கிறார்கள். ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை அளவு இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. சூடான குழாய்களுக்கு உறை போட்டுப் பதினைந்து வருடம் கழித்த மனிதர் என்பது மட்டும் எங்கேயும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. இரண்டு நுரையீரல்களின் அடியிலும் வெளியோரத்தை ஒட்டித் தழும்புக் கோடுகள். உதரவிதானத்தின் மேல் சுண்ணாம்பு படிந்த தட்டையான வெள்ளைத் திட்டுகள், விலா எலும்புகளின் உட்பக்கமும் அப்படியே. இந்தத் திட்டுகளால் மட்டும் மூச்சு பெரிதாகக் குறையாது. அவை புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார், தூசியில் இருந்தவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் ஸ்கேனில் கிடைக்காது.

ஊதிப் பார்க்கும் சோதனையும் அதையே சொல்கிறது. மூச்சுக்குழாய் சுருங்கவில்லை, ஊதுகிற வேகம் சரியாகவே இருக்கிறது. நுரையீரல்தான் விரிய மறுக்கிறது. ஆஸ்துமாவில் கதை வேறு.

ஆஸ்பெஸ்டோசிஸ், அந்தத் தூசியால் நுரையீரல் தழும்பாகும் நோய் என்றேன். "அந்த வேலையை விட்டு முப்பது வருஷம் ஆச்சேம்மா, இப்ப எப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கல்நார் நீளவாக்கில் பிளந்துகொண்டே போகும். உடைத்தால், அறுத்தால், கண்ணுக்குத் தெரியாத இழைகளாகி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளமும் மூன்று மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் உள்ள இழைகளைத்தான் காற்றுப் பரிசோதனையில் எண்ணுகிறார்கள். நுரையீரலைத் துப்புரவு செய்யும் செல்கள் அவற்றை விழுங்கப் பார்க்கும், நீளம் அதிகம் என்பதால் முழுசாக விழுங்க முடியாமல், அரைகுறையாக விழுங்கிய நிலையிலேயே சாகும். சாகும்போது அவை வெளியே விடும் பொருள்களால் சுற்றியுள்ள திசு புண்ணாகித் தழும்பாகும். அந்த இழை அங்கேயே இருப்பதால் அடுத்த செல் வரும், அதற்கும் அதே கதிதான். ஆள் வேலையை விட்டாலும் உள்ளே இந்த வேலை நிற்பதில்லை. அதனால்தான் ஆஸ்பெஸ்டோசிஸ் வெளியே தெரிய பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் ஆகின்றன.

தழும்பை அகற்ற மருந்து கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தழும்பு வேகமாகக் கூடுகிறவர்களுக்கு அந்த வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு. ஃப்ளூ தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி, மூச்சுப் பயிற்சி, தேவைப்படும்போது ஆக்சிஜன். இவ்வளவுதான் இப்போது கையில் இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று அவருக்கென்று முழு மாலையையும் ஒதுக்கினேன். மனைவியும் கூட வந்திருந்தார். முதல் வேலையிலிருந்து கடைசி வேலை வரை வருட வாரியாக எழுதினோம்.

1979-இல் சேர்ந்திருக்கிறார், அப்போது 21 வயது. ஆஸ்பெஸ்டாஸ் மூட்டையைக் கத்தியால் கிழித்து, தூளை டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைவார்களாம். அதை எடுத்துக் குழாயின் மேல் அப்பி, துணி சுற்றி, மறுபடி பூச வேண்டும். காலி மூட்டைகளை உதறி மடித்து வைப்பது புதிதாக வருகிற பையன்களின் வேலை. பழுது பார்க்கும் நாட்களில் பழைய உறையைச் சுத்தியலால் தட்டி எடுப்பார்கள், காய்ந்தது காய்ந்தபடி. கீழே விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்குவார்கள். "எதிர்ல நிக்கிறவன் முகம் தெரியாது. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே ஒரு ஓரமா உக்காந்து முடிச்சுக்குவோம்" என்றார். முகமூடி? வாயில் கட்டிக்கொள்ள ஒரு துணி.

எனக்கு உண்மையில் வயிற்றைப் பிசைந்தது அடுத்து அவர் மனைவி சொன்னதுதான். "நான்தான் தினமும் சட்டையை வாசல்ல உதறிட்டு ஊற வைப்பேன். தண்ணி வெள்ளையா வரும்."

1965-இல் லண்டனில் நியூஹவுஸும் தாம்சனும் என்ற ஆய்வாளர்கள் மீசோதீலியோமா (பெரும்பாலும் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய்) நோயாளிகளின் வாழ்க்கையை விசாரித்தபோது, ஆலைக்குள் கால் வைக்காமலே, வீட்டில் வேலைத் துணியைத் துவைத்தவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1986-ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 162, வேலை உடையை வீட்டுக்குக் கொண்டு போவதைத் தடுக்க வேண்டும் என்றும், அதைச் சுத்தம் செய்வது முதலாளியின் பொறுப்பு என்றும் சொல்கிறது. காகிதத்தில் இருக்கிறது. இந்த அம்மா 1994 வரை துவைத்திருக்கிறார். அவருக்கும் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 19, புதன்

பழைய நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது. பணிப் பதிவேடுகள் இப்போது இல்லையாம். கடைசியில் ஒரு வரி: 'அந்தக் காலகட்டத்தில் இப்பொருளின் தீமை யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.'

இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

1898-இல் லூசி டீன் என்ற பிரிட்டிஷ் தொழிற்சாலை ஆய்வாளர், இந்தத் தூசியை நுண்ணோக்கியில் பார்த்தால் கண்ணாடிச் சில்லு போலக் கூர்மையாக இருக்கிறது, இது தொழிலாளர்களைக் கெடுக்கிறது என்று எழுதிவிட்டார். அடுத்த ஆண்டே மாண்டேகு மரே என்ற லண்டன் மருத்துவர் ஒரு தொழிலாளியைப் பார்த்தார். வயது 33. தன்னோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தான் மட்டுமே மிச்சம் என்று அந்த ஆள் சொன்னதை, பிறகு அரசு விசாரணைக் குழுவிடம் மரே சாட்சியாகச் சொன்னார். 1924-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெல்லி கெர்ஷா என்ற ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளி இறந்தார். அவருக்கும் 33 வயதுதான், பள்ளி வயது தாண்டுவதற்குள் ஆலைக்குப் போன பெண். நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் துகள்கள் இருந்ததை மருத்துவர் குக் மருத்துவ இதழில் எழுதினார். 1930-இல் மெரிவெதரும் பிரைஸும் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள், கிட்டத்தட்ட நான்கில் ஒருவருக்கு நுரையீரல் தழும்பு. மறு ஆண்டே பிரிட்டனில் தூசிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1955-இல் ரிச்சர்ட் டால் இந்தத் தூசியால் நுரையீரல் புற்றுநோய் வருவதை நிறுவினார். 1960-இல் வாக்னரும் சகாக்களும் தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியிலிருந்து மீசோதீலியோமாவைக் காட்டினார்கள். 1964-இல் அமெரிக்காவில் செலிகாஃப் என்ற மருத்துவர் ஆய்வுக்கு எடுத்துப் பார்த்தது லேகிங் தொழிலாளர்களையேதான்.

இவர் வேலையில் சேர்ந்தது 1979-இல். இந்த ஆண்டுகளை வரிசையாக எழுதிப் பதில் கடிதம் அனுப்பிவிட்டேன். பதிவேடு இல்லை என்பதற்கும் ஒரு வரி சேர்த்தேன். இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் தந்த தீர்ப்பில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை, வைத்திருக்கச் சொன்னது. நோய் அவ்வளவு மெதுவாக வருகிறது என்பதால்தான் அவ்வளவு நீண்ட கெடு. இவர் கணக்கில் அது 2019 வரை.

ஏப்ரல் 2, புதன்

ஐயாவின் மனைவிக்கு எடுத்த ஸ்கேன்: இரு பக்கமும் திட்டுகள். தழும்பு இல்லை. நிம்மதி என்று முழுசாகச் சொல்ல முடியாது, ஆண்டுதோறும் வரச் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 24, வியாழன்

ஐயா தன் பழைய கூட்டாளி ஒருவரை அழைத்து வந்தார். ஒரே ஷிஃப்ட், ஒரே டிரம். வலது பக்கம் நெஞ்சு வலி, எடை குறைந்திருக்கிறது, நுரையீரல் உறையில் நீர். வேறிடத்தில் இரண்டு முறை நீரை எடுத்தும் மறுபடி சேர்ந்துவிட்டது. உறையிலிருந்து சதைப் பரிசோதனை செய்தோம். மீசோதீலியோமா.

"சிகரெட், பீடி தொட்டதே இல்லையே டாக்டர்" என்று அவர் மகன் திரும்பத் திரும்பச் சொன்னான். இந்தப் புற்றுநோய்க்கும் புகைக்கும் சம்பந்தமில்லை தம்பி என்றேன். நுரையீரல் புற்றுநோய் வேறு, அதில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். செலிகாஃபும் சகாக்களும் 1979-இல் வெளியிட்ட கணக்கு: ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் என்றால் ஆபத்து சுமார் 5 மடங்கு, புகை மட்டும் என்றால் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 50-ஐத் தாண்டும். மீசோதீலியோமாவுக்கு ஆஸ்பெஸ்டாஸ் மட்டுமே போதும். இருபதிலிருந்து ஐம்பது ஆண்டுகள் வரை காத்திருந்து வரும், சில மாதத் தூசிகூடப் போதுமானதாக இருந்திருக்கிறது.

2020-இலிருந்து இந்தப் புற்றுநோய்க்கு இரண்டு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறோம். பெரிய ஆய்வில் பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம் கீமோதெரபியில் 14 மாதமாக இருந்தது, இதில் 18 ஆனது. அந்த நான்கு மாதத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் மகனிடம் இதைச் சொல்லும்போது வார்த்தை எளிதில் வரவில்லை.

மே 10, சனி

ஆபத்தான ரசாயனங்களின் ஏற்றுமதி இறக்குமதி பற்றிய ராட்டர்டாம் உடன்படிக்கையின் கூட்டம் ஜெனீவாவில் நேற்று முடிந்தது. வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கிரைசோடைல், இந்த முறையும் பட்டியலில் ஏறவில்லை. பட்டியலில் ஏறினால் தடை என்று அர்த்தமில்லை. ஏற்றுமதி செய்கிற நாடு ஆபத்தைச் சொல்லி, வாங்குகிற நாட்டின் சம்மதத்தைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் ஏறும் என்பதால் சில நாடுகள் மறுத்தாலே போதும். 2006 முதல் இதே கதை. மற்ற ஐந்து வகைகளும் ஏறி ரொம்ப நாளாகிறது.

கவனமாகப் பயன்படுத்தினால் வெள்ளை வகை பாதுகாப்பானது என்கிறார்கள் மறுப்பவர்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல், மீசோதீலியோமா, குரல்வளை, சினைப்பை ஆகிய புற்றுநோய்களுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்கிறது. வேலையிடத்து ஆஸ்பெஸ்டாஸால் ஆண்டுக்கு 2,00,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்பதும் உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. ஆலைக்குள் கவனமாக இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வெளியே போன ஷீட்டைத் துளை போடுகிறவனும், முப்பது ஆண்டு கழித்து அதை இடிக்கிறவனும் எந்தக் கவனத்தின் கீழ் வருகிறார்கள்?

இடிக்கிறவர்கள் ஞாபகம் வரக் காரணம், போன வாரம் வந்த இருபத்திரண்டு வயதுப் பையன். கட்டட இடிப்பு வேலை. சாதாரண இருமல்தான், ஒன்றுமில்லை. ஆனால் அவன் போனில் வேலையிட வீடியோ ஒன்றைக் காட்டினான். பழைய ஷீட்டை மேலிருந்து தூக்கிப் போட்டு உடைக்கிறார்கள், முகத்தில் நீலநிற சர்ஜிகல் மாஸ்க். அந்த மாஸ்க் இந்த இழையைத் தடுக்காது. நனைக்க வேண்டும், உடைக்காமல் திருகைக் கழற்றி இறக்க வேண்டும், நுண்தூசியை வடிகட்டும் பி100 அல்லது எஃப்.எஃப்.பி.3 முகமூடி முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. பெருக்கக் கூடாது, காற்றடித்து ஊதக் கூடாது. இரட்டைப் பையில் கட்டி அடையாளம் எழுத வேண்டும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். "மேஸ்திரி கேக்கமாட்டாரு மேடம்" என்றான். நம்பர் வாங்கி அந்த மேஸ்திரியிடமும் பேசினேன். ஷீட்டை நனைப்பதற்கு மட்டும் சம்மதித்தார்.

ஜூன் 5, வியாழன்

இழப்பீட்டு அலுவலகம் ஐயாவிடம் கேட்டிருப்பது: பதிவேடு இல்லாவிட்டால் உடன் வேலை பார்த்தவரின் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி இப்போது எங்கள் வார்டில் படுத்திருக்கிறார். காத்திருக்க நேரமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வக்கீல் கட்டிலருகே வந்து எழுதிக்கொண்டார். டிரம், மூட்டை, உதறல், ஃபோர்மேன் நின்ற இடம், எந்தெந்த வருடம் என்று எல்லாமே சொன்னார். நடுவே மூச்சு முட்டி இரண்டு தடவை நிறுத்தினோம். கையெழுத்துப் போட்டபின், "எனக்கும் ஒரு கேஸ் இதே மாதிரி போடலாமா டாக்டர்?" என்று கேட்டார். அவருக்காக ஐயா சாட்சி சொல்கிறார். அந்தத் தாளையும் அங்கேயே எழுதி முடித்தோம்.

ஜூன் 30, திங்கள்

இரண்டு மனுக்களும் ஸ்கேன், ஊதல் சோதனை, வருட வாரியான வேலைப் பட்டியலோடு போய்ச் சேர்ந்துவிட்டன. விசாரணை ஆகஸ்டில்.

அந்த லேகிங் பிரிவில் இருந்தவர்களின் பெயர்களை இருவரும் சேர்ந்து நினைவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் இறந்துவிட்டார்கள். எதனால் என்று அவர்களின் வீட்டில் கேட்டால், 'நெஞ்சுச் சளி', 'டிபி மாதிரி ஏதோ' என்கிறார்கள். இருப்பவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்துவருகிறேன். சிலர் இப்போது நல்லாத்தானே இருக்கேன் என்று வர மறுக்கிறார்கள். நாளை காலை இரண்டு பேர் வருகிறார்கள். அதில் ஒருவர் இன்னும் சிகரெட்டை விடவில்லையாம், அவரிடம்தான் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும்.